சாம்பல் நிறத்திலேயே நிற்கும் 300 மினிகள்: எங்கே தொடங்குவது?

கேள்வி இது: சிங்கப்பூரின் பொங்கோலில் நான்கறை வீடு. வீட்டுக்குள் இருக்கும் பதுங்கறையான பாம் ஷெல்டருக்குள், மேசையில் ஆடும் போர் விளையாட்டுக்கான மினியேச்சர்கள் ஏறக்குறைய 300. எல்லாம் வார்ஹேமர் 40,000 விளையாட்டின் மூன்று படைகள்: ஸ்பேஸ் மரீன், நெக்ரான், டிரனிட். பாதி இன்னும் ஸ்ப்ரூவை, அதாவது துண்டுகள் ஒட்டியபடி வரும் பிளாஸ்டிக் சட்டத்தை விட்டு வரவில்லை. மீதி ஒட்டி முடித்து, பிளாஸ்டிக்கின் சாம்பல் நிறத்திலேயே நிற்கிறது. மகளுக்கு இரண்டு வயது. இரவு பத்து மணிக்கு மேல் ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரிய விஷயம். “அண்ணே, வேகமாகப் பெயின்ட் அடிக்க என்ன வழி? ஏர்பிரஷ் வாங்கிவிடலாமா? இல்லை, பேசாமல் எல்லாவற்றையும் விற்றுவிடட்டுமா?”

தம்பி, விற்பதைப் பற்றிப் பிறகு பேசுவோம். வேகமும் அப்புறம். முதலில் பாம் ஷெல்டர் கதவைத் திறந்து ஒன்றை மட்டும் எண்ணுங்கள். அந்த 300-ல் இன்றிரவே தூரிகையை வைக்கலாம் என்ற நிலையில், பிரைமர் என்ற அடிப்பூச்சு பூசி, தயாராக இருப்பவை எத்தனை? நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. அப்படியென்றால் உங்களுடைய சிக்கல் பெயின்ட் அடிப்பதில் இல்லை, அதற்கு முந்தின கட்டத்தில் இருக்கிறது. பத்து மணிக்கு உட்காருகிறீர்கள். கையில் எடுக்க எதுவும் தயாராக இல்லை. ஸ்ப்ரூவிலிருந்து வெட்டி, அச்சு விட்டுச்சென்ற கோட்டைச் சுரண்டி, ஒட்டிவிட்டு நிமிர்ந்தால் மணி பதினொன்று. அந்த நேரத்தில் ஸ்ப்ரே கேனைத் தூக்கிக்கொண்டு வெளியே போக முடியாது. ஒட்டினதைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டுப் படுத்துவிடுகிறீர்கள். அடுத்த வாரம் இன்னொரு பெட்டியை ஒட்டுகிறீர்கள். குவியல் அப்படியே இருக்கிறது, வடிவம்தான் மாறுகிறது.

நான் பார்த்தவரை சிங்கப்பூரில் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களில் பாதிப் பேர் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள். இங்கிலாந்துக்காரர் காணொளியில் வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தில் நின்று இரண்டு வீச்சு ஸ்ப்ரே அடித்துவிட்டு உள்ளே போய்விடுவார். நமக்குத் தோட்டமும் கிடையாது, அந்தக் காற்றும் கிடையாது. அதனால் அவர் ஒரு வரியில் தாண்டிப் போகும் பிரைமர்தான் நமக்கு நடுவில் விழுந்த மரம். அதை நகர்த்திவிட்டால் மீதி தானாக ஓடும்.

அதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு. அடிவண்ணம், நிழல், இரண்டு அடுக்கு வெளிச்சம், விளிம்புக் கோடு என்று முறைப்படி போனால் ஒரு காலாட்படை உருவத்துக்குச் சாதாரணக் கைக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். 300 உருவத்துக்கு 750 மணி நேரம். வாரம் நாலு மணி நேரம் உங்களுக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால் மூன்றரை ஆண்டுக்கு மேல். மகளைத் தொடக்கப்பள்ளிக்குப் பதிவு செய்யும் காலம் வந்துவிடும். அதே உருவத்தை 40 நிமிடத்தில் முடிக்கிற மாதிரி திட்டம் போட்டால் 200 மணி நேரம். ஓராண்டில் முடிந்துவிடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் கைவேகத்தின் பங்கு குறைவு. எது போதும் என்று நீங்கள் முன்கூட்டியே தீர்மானிப்பதுதான் முக்கியம்.

எது போதும் என்பதற்கு விளையாட்டே ஓர் அளவு வைத்திருக்கிறது. 2023-ல் வந்த பத்தாம் பதிப்பில், உங்கள் படை முழுதும் ‘பேட்டில் ரெடி’ நிலையில் இருந்தால் 100 வெற்றிப் புள்ளிகளில் 10 அதற்கே கிடைக்கும். முக்கியமான பகுதிகளுக்கெல்லாம் வண்ணம் இருக்கவேண்டும், உருவம் நிற்கும் பேஸ் வெறும் பிளாஸ்டிக்காக இருக்கக்கூடாது. அவ்வளவுதான் நிபந்தனை. கண்ணுக்குள் கருமணி வைக்கச் சொல்லவில்லை. மேசையில் நிற்கும் உருவத்தை நீங்களும் எதிராளியும் நின்றபடி மூன்றடி தூரத்திலிருந்துதான் பார்க்கப்போகிறீர்கள். படைத்தலைவருக்கும், உங்களுக்கு உண்மையிலேயே பிடித்த நாலைந்து உருவங்களுக்கும் ஆசை தீர நேரம் கொடுங்கள். வரிசையில் நிற்கும் சிப்பாய்க்கு 40 நிமிடம் போதும். அதற்கு மேல் அவனுக்கு மரியாதை தேவையில்லை.

உங்கள் பட்டியலைப் பார்த்தால் பெட்டிகள் எவை என்று எனக்கு ஓர் ஊகம். 2020-ல் வந்த இண்டாமிடஸ் பெட்டியில் மரீனும் நெக்ரானுமாக 61 உருவங்கள். 2023-ன் லெவியாதனில் மரீனும் டிரனிட்டுமாக 72. இரண்டே பெட்டி, 133 உருவம். பலருடைய குவியல் இப்படித்தான் உருவாகிறது. ஒரு சனிக்கிழமை மதியம் வாங்கியது ஓராண்டு வேலையாக வீட்டுக்கு வந்து சேரும். நல்ல விஷயம் என்னவென்றால் இரண்டு பெட்டியிலும் உள்ளவை குச்சியைத் துளையில் செருகிப் பொருத்தும் வகை. சாதாரணச் சிப்பாய்க்குச் சில துண்டுதான். ஒட்டுகிற வேலை நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. குச்சியின் நுனியைக் கத்தியால் கொஞ்சம் சீவிவிட்டுச் செருகினால் இடைவெளி விழாமல் மூடும். ஒரு சொட்டு பிளாஸ்டிக் பசையும் விடுங்கள்.

துண்டு துண்டாக விட்டுவைத்துத் தனித்தனியாகப் பெயின்ட் அடித்துக் கடைசியில் ஒட்டும் பழக்கம் சிலருக்கு உண்டு. சிப்பாய்களுக்கு அது வேண்டாம். துப்பாக்கிக்குப் பின்னால் தூரிகை போகாத இடத்துக்குக் கண்ணும் போகாது. அங்கே கறுப்பு பிரைமர் தெரிந்தால் நிழல் என்று நினைத்துக்கொள்வார்கள்.

சரி, முதலில் எந்தப் படை? மூன்றையும் ஒன்றாகத் தொடாதீர்கள். நெக்ரானை எடுங்கள், அதுதான் மூன்றிலும் சீக்கிரம் முடியும். அதிலும் முழுப் படையை எடுக்க வேண்டாம். 2,000 புள்ளி அளவுள்ள பெரிய படை ஆட்டத்தைக் கனவு காண்பது பிறகு இருக்கட்டும். பத்தாம் பதிப்போடு வந்த ‘காம்பாட் பட்ரோல்’ என்ற சிறிய ஆட்டத்துக்கு ஒரு பெட்டி அளவு உருவங்கள் போதும். அந்த அளவை முதல் இலக்காக வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் பெட்டிக்குள் போட்டு, பாம் ஷெல்டரில் கண்ணில் படாத மூலைக்குத் தள்ளுங்கள். தினமும் 300-ஐப் பார்த்துக்கொண்டு பத்தை முடிப்பது சிரமம்.

இப்போது பிரைமர். இதற்குத்தான் நான் அதிக இடம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் விடியற்காலையில் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழை இல்லாத நாளில் பிற்பகல் நடுவில் 60 விழுக்காடு அளவுக்கு இறங்கும். காலையில் வேலைக்குப் போகுமுன் அடித்துவிடலாம், இரவில் சாப்பிட்ட பிறகு அடித்துவிடலாம் என்று நினைக்கும் இரண்டு நேரமும் மோசமான நேரம். மதியம் ஒன்றிலிருந்து நாலு மணி வரைதான் உங்களுக்கு ஏற்ற நேரம். மழை பெய்து ஓய்ந்த மதியம் கணக்கில் வராது. ஆண்டில் எது நல்ல மாதம் என்று கேட்டால் பிப்ரவரி. இங்கே மழை குறைந்த மாதம் அதுதான். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவக்காற்று மழையைக் கொட்டும்போது ஸ்ப்ரே கேனை எடுக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம். ஈரப்பதமானி ஒன்று வாங்கிச் சுவரில் மாட்டுங்கள், விலை அதிகமில்லை. என் வீட்டு விதி: முள் 70-க்கு மேல் நின்றால் கேனைத் தொடுவதில்லை.

ஈரத்தில் அடித்தால் என்ன ஆகும்? ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பைக் குளிர்விக்கிறது. ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த, இன்னும் காயாத படலத்தின்மேல் நீராகப் படிகிறது. காய்ந்ததும் வெள்ளைப் பூஞ்சை படர்ந்தமாதிரி தெரியும். கறுப்பு பிரைமர் சாம்பலாகத் தோன்றுவதும், வார்னிஷ் அடித்ததும் உருவம் முழுக்க வெளுத்துப்போவதும் இதனால்தான். இன்னொரு கோளாறு சொரசொரப்பு. விரலால் தடவினால் மணல்தாள்போல் இருக்கும். அது ஈரத்தால் வருவதில்லை. கேனைத் தூரத்தில் பிடித்தால் நம் வெயிலில் துளிகள் உருவத்தை எட்டுமுன் பாதி வழியிலேயே காய்ந்து, தூசாகப் போய் ஒட்டுகின்றன. 20 முதல் 25 சென்டிமீட்டர், அதற்கு மேல் விலகாதீர்கள். இரண்டு நிமிடம் குலுக்கி, வீச்சை உருவத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுங்கள். ஒரே மூச்சில் மூடப் பார்க்காமல் மூன்று மெல்லிய வீச்சாக அடியுங்கள்.

யாரும் அதிகம் சொல்லாத ஒன்று உண்டு. ஏர்கான் அறையில் இருந்த உருவங்களை நேரே வெளியே கொண்டுபோய் அடிக்கக்கூடாது. குளிர்ந்த பிளாஸ்டிக்கின்மேல் நம் ஊர்க் காற்று உடனே வியர்க்கும். குளிரூட்டிய பேருந்திலிருந்து இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மங்குகிறதே, அதேதான் நடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஈரத்தின்மேல்தான் நீங்கள் பிரைமர் அடிக்கிறீர்கள். உருவங்களையும் கேனையும் அரை மணி நேரம் முன்னாலேயே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.

எங்கே அடிப்பது? பாம் ஷெல்டருக்குள் வேண்டவே வேண்டாம். காற்றோட்டம் இல்லாத இடம், கேனில் இருப்பதோ தீப்பற்றும் வாயு. பொது நடைபாதையிலும் வேண்டாம். துகள்கள் பக்கத்து வீட்டுக் காலணி அலமாரி வரை போகும், அப்புறம் அவருக்கு நீங்கள் மினியேச்சர் என்றால் என்னவென்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். புளோக்கின் கீழே கையில் ஸ்ப்ரே கேனோடு நின்றால் நம்மூரில் சுவரில் கிறுக்க வந்தவர் என்று நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். துணி காயப்போடும் பக்கத்தில் ஜன்னலை ஒட்டி, பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைப் பக்கவாட்டில் படுக்கவைத்து அதற்குள் அடிப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. துணி ஒன்றும் தொங்காத நேரமாக இருக்கட்டும், கீழ்வீட்டுத் துணியையும் எட்டிப் பாருங்கள். முகக்கவசம் கட்டாயம், அந்த ஒரு மணி நேரம் குழந்தை வெளியே போயிருப்பது நல்லது.

இவ்வளவு தொல்லையா என்றால், உங்கள் நிலையில் இதற்கு மாற்று இருக்கிறது: தூரிகையால் பூசும் பிரைமர். வலேஹோ நிறுவனத்தின் சர்ஃபேஸ் பிரைமர் பாலியூரித்தேன் வகை, தண்ணீரில் கழுவலாம். ஸ்ப்ரே கேனின் வாடை இல்லை, மழையைப் பற்றிக் கவலை இல்லை, ஏர்கான் அறையில் இரவு பதினொரு மணிக்கும் பூசலாம். அகலமான மென்மையான செயற்கைத் தூரிகையால் மெல்லியதாக ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொன்று. முதல் பூச்சு திட்டுத்திட்டாகத் தெரிந்தால் பதற வேண்டாம், ஒரே பூச்சில் மூட நினைத்துத் தடிமனாக அப்பினால்தான் சின்னச் சின்ன நுணுக்கங்கள் புதைந்துபோகும். பத்து உருவத்துக்கு அரை மணி நேரம் போதும். ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள், அதற்குள் நன்றாக இறுகிவிடும். ரெசின் உருவம் ஏதாவது இருந்தால் பிரைமருக்கு முன்னால் பாத்திர சோப்பால் கழுவிக் காயவையுங்கள், அச்சு எண்ணெய் இருந்தால் எதுவும் ஒட்டாது.

ஆகவே நான் சொல்லும் ஏற்பாடு இதுதான். வெயில் அடிக்கிற ஒரு வாரயிறுதி மதியம் அமைந்தால், ஒட்டி முடித்தவற்றை ஐஸ்கிரீம் குச்சியில் ஐந்து ஐந்தாக இரட்டைப்பக்க ஒட்டுநாடாவில் நிறுத்தி, ஐம்பது அறுபதாக ஸ்ப்ரே அடித்து முடியுங்கள். அப்படி மதியம் அமையாத வாரங்களில் இரவில் தூரிகை பிரைமர். எப்படியோ, அலமாரியில் பிரைமர் பூசிய உருவம் இருபதுக்குக் குறையாமல் எப்போதும் இருக்கவேண்டும். அந்தக் கையிருப்பு இருந்தாலே உங்கள் ஒரு மணி நேரம் முழுதும் வண்ணத்துக்குப் போகும்.

ஏர்பிரஷ் கேள்விக்கு வருகிறேன். காற்றழுத்தத்தால் பெயின்ட் தெளிக்கும் அருமையான கருவி, ஆனால் உங்களுக்கு இப்போது வேண்டாம். இரவு பத்து மணிக்கு மேல் அதற்குக் காற்றைத் தரும் கம்ப்ரஸர் ஓடினால் குழந்தை எழுந்துவிடும். ஒவ்வொரு முறையும் எடுத்து வைக்கக் கால் மணி, கழுவி வைக்கக் கால் மணி என்றால் மிஞ்சுவது பாதி நேரம். பிறகு எப்போதாவது வாங்கினால் காற்றுத்தொட்டி உள்ள கம்ப்ரஸராக, ஈரம் பிடிக்கும் வடிகட்டி உள்ளதாகப் பாருங்கள். அது இல்லாமல் நம் ஊரில் ஓட்டினால் குழாயில் நீர் சேர்ந்து, பெயின்ட்டுக்கு நடுவே தண்ணீர்த் துளியாகத் துப்பும்.

இனி வண்ணம். நெக்ரானில் தொடங்கச் சொன்னேன் அல்லவா, ஒரு வாரியரை எடுத்துக்கொள்வோம். கறுப்பு பிரைமர் காய்ந்திருக்கிறது. டைசோவில் கிடைக்கும் குண்டான ஒப்பனைத் தூரிகை ஒன்றை எடுத்து, லெட்பெல்ச்சர் போன்ற அடர்வெள்ளியில் லேசாகத் தொட்டு, காகிதத்தில் பெரும்பகுதியைத் துடைத்துவிட்டு, உருவத்தின்மேல் வட்டமாகச் சுழற்றுங்கள். விலா எலும்புகளும் மண்டையும் தோளும் வெள்ளியைப் பிடித்துக்கொள்ளும், இடுக்குகளில் கறுப்பு அப்படியே நிற்கும். இதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. அடுத்து நுல்ன் ஆயில் வாஷ், அதாவது இடுக்கில் தங்கி நிழல் தரும் நீர்த்த கறுப்பு, முழுதும் ஒரு முறை. வாஷை அடிவயிற்றிலும் பாதத்திலும் குட்டையாகத் தேங்க விடாமல், ஈரத் தூரிகை நுனியால் உறிஞ்சி எடுங்கள். காய்ந்ததும் இன்னும் பளிச்சென்ற வெள்ளியால் மண்டை, தோள், துப்பாக்கியின் மேல் விளிம்பு ஆகிய மூன்று இடத்தில் மட்டும், துடைத்த தூரிகையால் தேய்க்கும் அதே உலர்தூரிகை முறை மறுபடி. பிறகு துப்பாக்கிக் குழலிலும் கண்ணிலும் வெள்ளைப் புள்ளி, அதன்மேல் டெசராக்ட் குளோ என்ற பச்சை. முடிந்தது. காயும் நேரத்தைக் கழித்தால் இருபது நிமிடம். உங்கள் 40 நிமிடக் கணக்கில் பாதி மிச்சம், அதை மரீனுக்குக் கடன் கொடுக்கலாம்.

மரீன்கள்தான் மூன்றிலும் நேரம் தின்பவர்கள். பரந்த, வழவழப்பான கவசத்தில் ஒவ்வொரு தடுமாற்றமும் தெரியும். நீலம் என்றால் மக்ராக் புளூ ஸ்ப்ரே கேனே பிரைமராகவும் அடிவண்ணமாகவும் இருக்கும், ஒரு வெயில் மதியத்தில் பாதி வேலை முடிந்துவிடும். வாஷை முழுதும் ஊற்றாமல், கவசத் தகடுகள் சேரும் இடுக்கில் மட்டும் நுனித் தூரிகையால் இழுங்கள். விளிம்பு வெளிச்சம் தலைக்கவசத்துக்கும் தோளுக்கும் மட்டும், முழங்காலை யாரும் பார்ப்பதில்லை. மஞ்சள் மரீன் செய்யும் ஆசை இருந்தால் தயவுசெய்து மாற்றிக்கொள்ளுங்கள். மஞ்சள் மூடுவதற்கே தனிப் பொறுமை வேண்டும், 300 உருவம் காத்திருப்பவருக்கு அந்தப் பொறுமை கிடையாது.

டிரனிட்டுக்கு 2019-ல் வந்த கான்ட்ராஸ்ட் வகைப் பெயின்ட்தான் வழி. ஒரே பூச்சில் மேட்டில் மெலிந்து பள்ளத்தில் அடர்ந்து, நிழலையும் அடிவண்ணத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடும். கறுப்பு பிரைமர்மேல் சாம்பல் உலர்தூரிகை, அதன்மேல் வெள்ளை உலர்தூரிகை, பிறகு உடலுக்கு எலும்பு நிறமான ஸ்கெலிட்டன் ஹோர்ட், ஓட்டுக்கு லெவியாதன் பர்ப்பிள், நாக்குக்கும் நகத்துக்கும் ஏதாவது ஒன்று. ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பெயின்ட் காயும் முன் திரும்பத் தொட்டால் திட்டு விழும். ஈரமான நாளில் ஏர்கான் இல்லாத அறையில் இது வழக்கத்தைவிட மெதுவாகக் காயும். விசிறியை நேரே திருப்பிவைத்தால் ஓரங்களில் கோடு கட்டும். பத்து உருவத்தை வரிசையாக வைத்துச் செய்தால் இந்தக் காத்திருப்பே தெரியாது, பத்தாவதை முடிக்கும்போது முதலாவது காய்ந்திருக்கும். 2022-ல் வந்த ஆர்மி பெயின்டர் ஸ்பீட்பெயின்டின் முதல் வகை இன்னும் வைத்திருந்தால், காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் மறுபடி கரையும் என்பதை நினைவில் வையுங்கள். மறு ஆண்டு வந்த இரண்டாம் வகையில் அதைச் சரிசெய்துவிட்டார்கள்.

ஏன் பத்து என்றால், ஐந்தில் நேர மிச்சம் குறைவு, இருபதில் மனம் செத்துவிடும். ஒரு நிறத்தை எடுத்தால் பத்துக்கும் அதே நிறம், பிறகுதான் அடுத்த குப்பி. உள்ளிருந்து வெளியே வாருங்கள்: தோல், உடை, கவசம், கடைசியில் வார், பை, துப்பாக்கி. உள்ளே அடிக்கும்போது வெளியே வழிந்தது, பிறகு வெளியே அடிக்கையில் மறைந்துவிடும். மருந்துக் குப்பி மூடியில் புளூடாக் என்ற ஒட்டும் பசைக்களி வைத்து உருவத்தை நிறுத்தினால் கைப்பிடி வாங்கத் தேவையில்லை. தூரிகையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நுனி கூர்மையாகச் சேரும் இரண்டாம் எண் தூரிகை ஒன்று, முடி முடியாகப் பிரியும் மூன்று பூச்சியத் தூரிகை பத்துக்குச் சமம். பிராஸ் பசா காம்ப்ளெக்ஸின் ஓவியப்பொருள் கடைகளில் நுனியைப் பார்த்து எடுக்கலாம். பெயின்ட் காயாமல் காக்கும் ஈரத் தட்டான வெட் பேலட் பயன்படுத்தினால் இங்கே மூன்று நாளில் பூஞ்சை வாடை வரும். வேலை முடிந்ததும் மூடி, குளிர்பதனப்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள், வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டு.

பேஸைக் கடைசியில் அவசரமாக முடிப்பவர்கள் அதிகம், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 40 நிமிட உருவத்தை 100 நிமிட உருவம்போல் காட்டுவது பேஸ்தான். மூன்று படைக்கும் ஒரே மண், ஒரே ஓர வண்ணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் நன்றாக அடித்ததும் இன்னொரு வாரம் தூக்கத்தில் அடித்ததும் மேசையில் ஒரே படையாகத் தெரியும். மண்பசை ஒரு டப்பா, அடர்பழுப்பு வாஷ், வெளிர்பழுப்பு உலர்தூரிகை, ஓரத்துக்குக் கறுப்பு. மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் மெல்லிய மணலும் வெள்ளைப் பசையும் இன்னும் மலிவு. சமையலறையிலிருந்து காய்ந்த இலை, தேயிலை, ரவை என்று எடுத்துப் போடும் யோசனை காணொளிகளில் வரும். குளிர்நாட்டில் சரிப்படும். இங்கே எறும்பு வந்து படையெடுக்கும், அதற்குத் தப்பினால் பூஞ்சை.

விற்கலாமா என்றீர்கள். எல்லாவற்றையும் வேண்டாம், ஆனால் கொஞ்சம் விற்கத்தான் வேண்டும். எந்தப் படையை அடுத்த ஓராண்டில் மேசையில் இறக்குவதாகத் திட்டமே இல்லையோ அதை. மூன்று படையில் ஒன்றைக் கைவிட்டால் 300 என்பது 200 ஆகிவிடும், எந்தத் தூரிகையாலும் அவ்வளவு வேகம் காட்ட முடியாது. பழைய பொருள் விற்கும் கெரசல் தளத்தில் ஸ்ப்ரூவோடு இருப்பதுதான் நல்ல விலைக்குச் சீக்கிரம் போகும். ஒட்டிய சாம்பல் உருவம் அடுத்து. பாதி பெயின்ட் அடித்தது கடைசி. அதனால் எதை விற்பது என்று சந்தேகமாக இருக்கும் பெட்டியைத் தயவுசெய்து ஒட்டத் தொடங்காதீர்கள். உருவத்தில் ஒட்டும் சின்னங்கள் உள்ள டீக்கால் தாள்கள் நம் ஈரத்தில் மஞ்சளாகி ஒட்டிக்கொள்ளும், இப்போதே ஜிப் பையில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு வையுங்கள். வாங்குபவர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள். எம்ஆர்டி ரயில் நிலையத்தில் கைமாற்றிவிட்டால் அஞ்சல் செலவும் இல்லை.

விற்று வந்த பணத்தில் புதுப் பெட்டி வாங்குவீர்கள், தெரியும். இனி எதுவும் வாங்குவதில்லை என்று சபதம் எடுப்பவர்களை நிறையப் பார்த்தாயிற்று, அடுத்த வெளியீடு வரைதான் அது தாங்கும். வெளிநாட்டுக் கடையில் வாங்கினால் மிச்சம் என்ற சமாதானமும் பழைய மாதிரி இல்லை. 2023 முதல் 400 சிங்கப்பூர் வெள்ளி வரையிலான இறக்குமதிக்கும் பொருள் சேவை வரி உண்டு, 2024 முதல் அது 9 விழுக்காடு. சபதத்துக்குப் பதிலாக ஒரு நிபந்தனை வையுங்கள்: வாங்கும் பெட்டி அதே வாரம் ஒட்டப்பட்டு பிரைமர் வரை வந்தாகவேண்டும். அந்த வாரம் நேரம் இல்லையென்றால் அந்த வாரம் வாங்கவும் நேரம் இல்லை.

குழந்தை இருக்கும் வீடு என்பதால் இரண்டு விஷயம். கத்தி முனை, சூப்பர்குளூ, துளையிடும் ஊசி எல்லாம் மூடியுள்ள ஒரே பெட்டியில், பூட்டி, உயரத்தில் இருக்கட்டும். சூப்பர்குளூ நம் ஈரத்தில் குப்பிக்குள்ளேயே இறுகிவிடும் என்பதால் அந்தப் பெட்டியிலும் சிலிக்கா ஜெல் போடுங்கள். தூரிகை நுனியை நாக்கில் வைத்துக் கூராக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அப்பா செய்வதை அவள் அப்படியே செய்வாள்.

கடைசியாக வார்னிஷ். இங்கே மட்டும் ஸ்ப்ரே கேனை மறந்துவிடுங்கள். பிரைமர் வெளுத்தால் மேலே பெயின்ட் அடித்து மறைக்கலாம், முடித்த உருவம் வெளுத்தால் மனசு தாங்காது. தூரிகையால் பூசும், பளபளப்பில்லாத மேட் வார்னிஷைக் குப்பியை நன்றாகக் குலுக்கி மெல்லியதாக ஒரு முறை பூசினால் போதும், நம் விரல் வியர்வைக்கு அது தாங்கும். ஏற்கெனவே எதாவது வெளுத்துப்போயிருந்தால் தூக்கி எறியாதீர்கள். பளபள வார்னிஷ் ஒரு பூச்சு தூரிகையால் கொடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும், அதன்மேல் மேட் பூசிக்கொள்ளலாம். பேஸின் அடியில் ஐந்து மில்லிமீட்டர் காந்தம் ஒன்றை ஒட்டி, அடியில் இரும்புத் தகடு போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் நிறுத்திவிட்டால் பொங்கோலிலிருந்து தீவின் எந்தக் கோடிக்கும் எம்ஆர்டியில் நின்றுகொண்டே கொண்டுபோகலாம், ஒரு துப்பாக்கி முனைகூட உடையாது. முதல் பத்து நெக்ரான் முடிந்ததும் ஆட்டத்துக்கு நாள் குறியுங்கள், மீதிப் படை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.